பன்னிரண்டில் மூன்றை மட்டும் சோதித்தது பற்றி

18.09.2025 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, செய்யூர் காவல் நிலையத்தில், மருத்துவமனையிலிருந்து வந்த தகவலின் பேரில் நடைபெறும் விசாரணையில் பதிவு செய்தது.

தனகோடி, வயது 43, க/பெ. ஜானகிராமன், பஜனை கோயில் தெரு, சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் எனது கணவருடனும் பிளஸ் டூ படிக்கும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். எனது கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் எங்கள் ஊருக்கு அருகே ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வரும் கம்பியையும் தகட்டையும் சோதித்து, நல்லதை உள்ளே விட்டு மற்றதைத் திருப்பி அனுப்புவது எனது வேலை. இதில் காயம்பட்டிருக்கும் தமிழ்ச்செல்வி, வயது 37, எனது கணவரின் உடன்பிறந்த தங்கை, எனக்கு நாத்தனார் முறை. அவர் படூரில் தனியாக வாடகைக்குக் குடியிருந்து, அங்குள்ள ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். சம்பவம் நடந்த சவுக்குத் தோப்பு செய்யூருக்குப் பக்கத்தில் எனது கணவருக்கும் அவருக்கும் பொதுவானது. அதில் எந்தத் தகராறும் இல்லை.

எனக்கும் தமிழ்ச்செல்விக்கும் முன்விரோதம் உண்டா என்று தாங்கள் கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். 2019 ஜனவரியில் அவர் தனது கணவரை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காலை, தண்ணீர் லாரி வராத நாள், துணி துவைக்கும் இடத்தில் நான் அவரைப் பார்த்து, “இன்னும் எத்தினி நாளு இங்க இருக்கப் போற?” என்று கேட்டேன். கேட்டது நான்தான், கேட்ட விதமும் சரியில்லை. அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அவர் படுத்திருந்த பாயும் போர்வையும் மடித்து அலமாரி மேல் வைக்கப்பட்டிருந்தன, அவர் இல்லை. அதன் பிறகு ஆறு வருடம் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். குழம்பு ஊற்றச் சொல்வதானாலும் நடுவில் யாரையாவது வைத்துச் சொல்லிக்கொள்வோம். அடிதடியோ போலீஸ் புகாரோ எப்போதும் இருந்ததில்லை.

12.03.2025 புதன்கிழமை மதிய சாப்பாட்டு வேளையில் எனது போனுக்குத் தமிழ்ச்செல்வி கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. “அண்ணி, நீங்க கம்பெனில இரும்பு பாக்கறவங்கதானே? எனக்கு ஒரு நாலு ஸ்டார் வாங்கணும். எது நல்லதுன்னு தெரியல,” என்றார். நான் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் நட்சத்திர விளக்கு என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் விளக்கமாகச் சொன்னதில், அவருடைய குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ரூத் என்பவர் பெண்களுக்குத் தற்காப்புக் கலை வகுப்பு நடத்துவதாகவும், அதில் தான் ஒரு வருடமாகச் சேர்ந்திருப்பதாகவும், கையால் வீசி மரப்பலகையில் குத்தி நிற்கச் செய்யும் நட்சத்திர வடிவத் தகடுதான் தனக்கு நன்றாக வருகிறது என்றும், வகுப்பில் உள்ளவை எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் தனக்கென்று வாங்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு வருவதாகச் சொல்லி போனை வைத்தேன். கையில் சோறு காய்ந்துவிட்டிருந்தது.

16.03.2025 அன்று காலை நான் எனது ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போனேன். கைப்பையில் ஒரு காந்தம், சிறிய அரம், தடிமன் பார்க்கும் வெர்னியர், மகளிடம் வாங்கிய காம்பஸ் ஊசி ஆகியவற்றை எடுத்துப் போயிருந்தேன். தமிழ்ச்செல்வி பஸ் நிலையத்தில் காத்திருந்தார். இருவரும் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சதாசிவம் என்பவரின் கடைக்குப் போனோம். சங்கு, கல் பொம்மை, மரவாள், பித்தளைக் கத்தி போன்றவை விற்கும் கடை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வெள்ளி நிறத்திலும் வானவில் நிறத்திலும் ஸ்டார்கள் இருந்தன. எனது நாத்தனார் வானவில் நிறத்தில் இருந்த ஒன்றின் மேல் கை வைத்தார். நான் அதை வாங்கிக் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. அரத்தை ஓரத்தில் ஒருமுறை இழுத்ததும் பூச்சு உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. காய்ச்சி அச்சில் ஊற்றியது என்பதும், பலகையில் பட்டால் நுனி உடையும் என்பதும் எனக்குத் தெரிந்தது. இன்னொன்றுக்குக் காந்தம் ஒட்டியது, ஆனால் கண்ணாடி மேல் படுக்க வைத்தால் ஆடியது, நுனியை விரலால் அழுத்தினாலே வளைந்தது.

அதன் பிறகு கடைக்காரர் என்னிடம், “இன்னாம்மா இது, ஷோகேஸ்ல மாட்டற பொருளப் போட்டு ஒரசிகினு கீறீங்க?” என்று சத்தம் போட்டார். மாட்டுவதற்கு அல்ல, எறிவதற்கு என்று சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அத்த மொதல்லயே சொல்ல வேணாமா? அதுங்க மேல கீது,” என்று சொல்லி, ஸ்டூல் போட்டுப் பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். அதில் பூச்சு எதுவும் இல்லாமல், எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிய கறுத்த தகடுகள் பத்து இருந்தன. பார்க்க அழகில்லை என்று யாரும் வாங்குவதில்லை என்றார்.

அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எறிந்து பழகுவதற்கான ஸ்டாருக்கு ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது, நான்கு நுனி மட்டும்தான் கூராக இருக்க வேண்டும், அந்த நுனியும் ஊசி போல் இல்லாமல் கொஞ்சம் தடித்திருந்தால்தான் நிலைக்கும். தகடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அரம் வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கவும் கூடாது, லேசாகக் கடிக்க வேண்டும், அப்போதுதான் உடையவும் செய்யாது, மழுங்கவும் செய்யாது. நடு ஓட்டையில் ஊசியைச் செருகிச் சுற்றிவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நுனி கீழே வந்து நிற்க வேண்டும். ஒரே நுனி திரும்பத் திரும்பக் கீழே வந்தால் அந்தப் பக்கம் கனம் என்று அர்த்தம், அது நேராகப் போகாது. நான் சுற்றிவிட, எந்த நுனி நின்றது என்று எனது நாத்தனார் தனது கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தார். பத்தில் நான்கு தேறியது. கடைக்காரர் தேறாத ஆறையும் தனியாகச் சுற்றி வைத்து, அடுத்த முறை செய்பவரிடம் காட்டுவதற்காக நான் சொன்னதைத் தனக்கும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கரும்புச் சாறு குடித்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தமிழ்ச்செல்வி சாறு பிழிபவரிடம், “அவங்களுக்கு ஐஸ் போடாதீங்க,” என்றார். எனக்கு ஐஸ் ஆகாது. அவர் மறந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஏப்ரல் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்யூர் தோப்பில் சேர்ந்து பழகி வந்தோம். முதல் நாள் நான் பார்ப்பதற்காகத்தான் போனேன். அவர் என் கையில் ஒன்றைக் கொடுத்து, “இத்தினி டெஸ்ட் பண்ணீங்க, ஒண்ணாவது எறிஞ்சு பாருங்க,” என்றார். முதல் பதினொன்று மண்ணில் விழுந்தது. பன்னிரண்டாவது குத்தி நின்றது. நான் கத்தியதில் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து கருப்பன் என்பவர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். இலவ மரப் பலகை இரண்டை அடுக்கிக் கட்டி, அதற்குப் பின்னால் மண்மேடு போட்டு, நான்கு மீட்டர் தள்ளிக் கோடு கிழித்திருந்தோம். எறிபவர் கோட்டில் நிற்க வேண்டும், மற்றவர் ஐந்து அடி பின்னால் நிற்க வேண்டும், இருவரும் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்பது ரூத் சொல்லிக் கொடுத்தது. அவருடைய வகுப்பில் இதை மீறினால் வெளியே அனுப்பிவிடுவார். தோப்பில் நாங்கள் மீறினோம். வியர்வையில் கண்ணாடி மங்குகிறது என்று இருவருமே கழற்றி சவுக்குக் கிளையில் மாட்டிவிடுவோம். இதில் ரூத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

செப்டம்பர் மாதம் வகுப்பில் புதிதாக ஆறு பேர் சேர்ந்ததால் ரூத் இணையத்தில் பன்னிரண்டு ஸ்டார் வரவழைத்து, சோதித்துத் தரும்படி தமிழ்ச்செல்வி மூலமாக என்னிடம் அனுப்பினார். பார்சல் 10.09.2025 அன்று வந்தது. மறுநாள் வேலை முடிந்து வந்து, பன்னிரண்டில் மூன்றை எடுத்துச் சோதித்தேன். காந்தம், அரம், தடிமன், சுற்று எல்லாம் சரியாக இருந்தது. கம்பெனியில் ஆயிரம் தகடு வந்தால் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம், அவை தேறினால் எல்லாவற்றையும் உள்ளே விடுவோம். அந்தப் பழக்கத்தில் மீதி ஒன்பதைத் தொடாமலேயே சரி என்று எழுதிவிட்டேன். கம்பெனியில் தேறாதது ஒன்று உள்ளே போனால் ஒரு ஸ்பிரிங் உடையும். இங்கே என் வீட்டுப் பெண் பக்கத்தில் நிற்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

சம்பவத்தன்று, அதாவது 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை சுமார் 4 மணிக்கு, நானும் தமிழ்ச்செல்வியும் மேற்படி தோப்பில் புதிய ஸ்டார்களை எறிந்துகொண்டிருந்தோம். எனது முறை. முதல் இரண்டும் குத்தி நின்றன. மூன்றாவது, ஏற்கெனவே நின்றிருந்த இரண்டாவதன் மேல் போய் மோதியது. கண்ணாடி டம்ளர் உடைவது போல் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது தமிழ்ச்செல்வி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், விரல் வழியாக ரத்தம் வந்தது. ஐந்து அடி பின்னால் நிற்க வேண்டியவர், எங்கே படுகிறது என்று பார்ப்பதற்காக எனது தோள் அருகே வந்திருக்கிறார். எறிந்த ஸ்டாரின் ஒரு நுனி உடைந்து தெறித்து அவருடைய இடது புருவத்தில் பட்டிருக்கிறது.

நான் எனது துப்பட்டாவை மடித்து அழுத்தினேன். சத்தம் கேட்டு வந்த கருப்பன் தனது குட்டி யானை சரக்கு வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் போனார். அங்கே கட்டுப் போட்டு, கண் என்பதால் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் வண்டியின் பின்னால் வெறும் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் அழவில்லை. நான் அவரிடம், “செல்வி, அன்னிக்கி நான் அப்படி கேட்டுருக்கக் கூடாது,” என்றேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. “இப்பப் போயி அத்த ஏன் அண்ணி எடுக்கறீங்க, துணிய நல்லா அமுக்குங்க,” என்றார். அதன் பிறகு செங்கல்பட்டு வரும் வரை எனது இடது கையை விடவில்லை.

செங்கல்பட்டு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டதற்கு நான், “நான்தான் எறிஞ்சேன்,” என்றேன். எதை என்று கேட்டார். ஸ்டார் என்றேன். அவர் உங்களுக்கு யார் என்று கேட்டதற்கு நாத்தனார் என்றேன். மருத்துவர் பேனாவை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு திறந்து எழுதினார். நான் சொன்ன விதத்தில் கேட்டால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் தகவல் கொடுத்துத்தான் தாங்கள் விசாரிக்கிறீர்கள். எனது கணவர் வந்ததும் முதலில் என்னிடம், “மறுபடியும் ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்றார். உள்ளே திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழ்ச்செல்வி, “சண்ட இல்ல, பிராக்டீஸு,” என்றார்.

அதன் பிறகு கண் மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்து, காயம் புருவத்தோடு நின்றுவிட்டது, கண்ணுக்குள் எதுவும் போகவில்லை, பார்வைக்குக் குறைவில்லை என்று சொன்னார். நான்கு தையல் போட்டார்கள். நான் வராண்டாவில் இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தமிழ்ச்செல்வி வலது கண்ணால் என்னைப் பார்த்து, “அண்ணி, மூணுதானே பாத்தீங்க? ஒண்ணு ஒடஞ்சிச்சி. மிச்சம் எட்டு கீது. சனிக்கெழம கிளாசுக்கு முன்னாடி பாத்துடுங்க,” என்றார். நான் மூன்றுதான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பார்சலில் மூன்றின் மேல் மட்டும்தான் அரம் பட்ட கோடு இருந்தது, மற்றதற்குப் பூச்சு அப்படியே இருந்தது என்றார். தெரிந்தும் ஏன் எறிய விட்டாய் என்று கேட்டேன். “நீங்க சரின்னு எழுதியிருந்தீங்க,” என்றார்.

15.09.2025 அன்று கம்பெனிக்கு விடுப்பு சொல்லி, மீதி எட்டையும் வீட்டில் வைத்துச் சோதித்தேன். ஆறு நல்ல தகட்டில் வெட்டியவை. இரண்டு, அதே கறுப்புப் பூச்சு பூசிய வார்ப்பு. காந்தம் ஒட்டவில்லை, தராசில் நல்லதை விடப் பத்து கிராம் குறைந்தது. உடைந்ததும் அதே ரகம். இரண்டு ரகத்தையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். தேறாத இரண்டையும், உடைந்ததன் இரு துண்டுகளையும், தேறிய ஒன்பதையும் 16.09.2025 அன்று இந்த நிலையத்தில் ஒப்படைத்தேன். இன்று தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் மேசையிலேயே காந்தம் வைத்துக் காட்டினேன். தாங்களும் ஒருமுறை வைத்துப் பார்த்தீர்கள். பெண் காவலர் ஒருவர் ஊசியில் சுற்றிப் பார்த்தார், நன்றாகவே சுற்றினார்.

ஞாயிறு இரவிலிருந்து தமிழ்ச்செல்வி சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். எனது மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தால் குறி தவறுமா என்று என்னிடம் நேற்று கேட்டார், தவறும் என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துவிட்டேன்.

என் மேல் நடவடிக்கை வேண்டுமா என்று தாங்கள் அவரை உள்ளே அழைத்து என் முன்னிலையில் கேட்டீர்கள். அதற்கு அவர், “நடவடிக்கை எல்லாம் வேணாங்க மேடம். கண்ணாடி போடாம எறிய மாட்டேன்னு இவங்ககிட்ட எழுதி மட்டும் வாங்குங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க,” என்றார். கண்ணாடியைக் கழற்றியது இருவரும்தான், கோட்டுப் பக்கம் வந்து நின்றது அவர் மட்டும்தான், ஆகவே அவரிடமும் எழுதி வாங்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர், அடிபட்டவளிடம் யாராவது எழுதி வாங்குவார்களா என்றார். வாங்குவார்கள் என்று நான் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எழுத முடியவில்லை என்று நிலைய எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடிவில் தாங்கள் சொன்னபடி இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில், ஒவ்வொரு ஸ்டாரையும் ஒன்று விடாமல் சோதித்த பிறகே எறிவேன் என்ற வரியை நானாகச் சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

தேறிய ஒன்பது ஸ்டார்களையும் வரும் சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தேறாத இரண்டையும் உடைந்த துண்டுகளையும் நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காயம்பட்டவரின் வயது முப்பத்தாறு என்று இருந்ததை முப்பத்தேழு என்று திருத்தச் சொன்னேன். முப்பத்தாறே இருக்கட்டும் என்று அவர் வெளியிலிருந்து சொன்னார், இருந்தாலும் திருத்தப்பட்டது. இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லித் தந்தோ பயமுறுத்தியோ நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஜா. தனகோடி
18.09.2025